முட்டி உயரத்தில் ஜன்னல்

வெளிநாடு போனவர்கள் விமானத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பதிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். நான் பஸ்ஸில் வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டேன். நான் போன வெளிநாடு காட்டுப்பாக்கம். காசிமேட்டில் பிறந்து, மீன் லோடு வண்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுப் பிழைக்கிற எனக்குக் கடல் காற்று எட்டாத ஊரெல்லாம் வெளிநாடுதான். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நானும் சும்மா இல்லை, திருப்பிச் சந்தேகப்பட்டேன்.

போகச் சொன்னது என் ஆரோக்கியம் அக்கா. பெயரில் இருப்பது உடம்பில் இல்லை. கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் மிஷினில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. டாக்டர் இப்போதெல்லாம் அவளிடம் பேசாமல் மாமாவை வெளியே கூப்பிட்டுப் பேசுகிறார். அக்காவுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு போன் போட்டாள்.

"டேய் சூச, வேலய உட்டுட்டு கெளம்பி வா. எனக்கு ஒரு ஊடு பாக்கணும்."

"இருக்கற ஊட்டுக்கு இன்னா ஆச்சு?"

"அது உசுரோட கீறதுக்குடா. செத்தா ஒரு நாள் படுக்கறதுக்கு எடம் வாணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு ஐஸ் கட்டியை உடைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று லோடு வண்டிக்காரன் பிறகு சொன்னான்.

விஷயம் இதுதான். அக்கா குடியிருப்பது வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன். குடிவரும்போதே ஓனர் சொல்லிவிட்டார்: நாய் வளர்க்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, யாராவது செத்தால் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அப்போது மாமா தலையாட்டிவிட்டார். தலையாட்டும்போது யாரும் தன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு ஆட்டுவதில்லை. இப்போது அக்காவின் பயமெல்லாம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குழிக்குப் பார்சல் மாதிரி அனுப்பிவிடுவார்களோ, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு நாள் அழாமலேயே போய்விடுவோமோ என்று.

என் இடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். நான் ஒண்டிக்கட்டை, ஒரே அறையில் நாலைந்து பேரோடு படுக்கிறவன். அங்கே கொண்டுவந்து வைத்தால் படுத்திருப்பவர்களில் யாருக்கு மாலை போடுவது என்று வருகிறவர்களுக்குக் குழப்பமாகிவிடும்.

முதல் நாள் பஸ்ஸே என்னை ஏமாற்றியது. இல்லை, நான்தான் போர்டைப் படிக்கத் தெரியாமல், படிக்கத் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ஏறிவிட்டேன். பூந்தமல்லிதானே என்றேன், ஆமாம் என்றார் கண்டக்டர். பூந்தமல்லிக்கு இரண்டு ரோடு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. காட்டுப்பாக்கம் ஒரு ரோட்டில் இருக்க, நான் இன்னொரு ரோட்டில் வேலப்பன்சாவடியில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் இறங்கி நின்றேன். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. என் கழுத்தில் துண்டு மட்டும். ஒரு பையனிடம் வழி கேட்டேன். அவன் முதலில் தன் போனைப் பாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வழி சொன்னான்.

அங்கேயே ஒரு கடையில் தோசையும் வடகறியும் தின்றேன். எங்கள் பக்கத்து வடகறியில் காரம் மூக்கில் ஏறும். இங்கே வடகறி நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது. எதையோ கலந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தின்றுவிட்டேன்.

ஷேர் ஆட்டோ, மெட்ரோ வேலை நடக்கும் தூசி, இன்னொரு ஷேர் ஆட்டோ என்று ஒரு வழியாகக் காட்டுப்பாக்கம் வந்து சேர்ந்தேன். மாடிப்படிக்கு அடியில் ஹவுஸ் ஓனரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் கோகிலா. தினம் காலையில் அக்காவை நலம் விசாரிப்பார். பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. வானிலை அறிக்கை கேட்கிற மாதிரிதான்.

"யாருபா நீ? மேல யாரு ஊட்டுக்கு?"

"தம்பிமா. அக்காவ பாக்க வந்துகீறேன்."

அவர் முகம் மாறியது. "ஏன், திடீர்னு சொந்தக்காரங்க எல்லாம் வராங்க? அக்கா நல்லா தான கீது?"

"சூப்பரா கீதுமா. நான்தான் வேல இல்லாம வந்தேன்."

நம்பவில்லை. படியேறும்போது என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மாலை, ஊதுபத்தி எதுவும் இருக்கிறதா என்று தேடினார்போல.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அவள் சாப்பிடக் கூடாது, மோந்து பார்த்துக்கொண்டாள். மாமா ஒரு மூலையில் ஷிப்ட்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பக் கல்லறை பட்டாபிராம் பக்கம் இருக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதிதாக ஒரு சிற்றாலயம் கட்டியிருக்கிறார்களாம். வீட்டில் வைக்க முடியாதவர்கள் அங்கே கொண்டுவந்து வைத்து அழுதுவிட்டு, பக்கத்திலேயே அடக்கம் செய்துகொள்ளலாமாம். கோயிலில் யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ போய் பாத்துட்டு வரக்கூடாதா மாமே?" என்றேன்.

"உசுரோட ஒக்காந்து கொழம்பு ஊத்தறவளுக்கு நான் போய் எடம் பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா அவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு என்னிடம் குனிந்து, வீட்டுத் தரகரிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"மொதல்ல, பொம்பளைங்க என்ன சுத்தி கீழ ஒக்கார எடம் கீதான்னு பாரு. சேர் போட்டு கல்யாண மண்டபம் மாதிரி வரிசையா ஒக்கார வெச்சான்னு வெய்யி, ஒருத்தியும் அழ மாட்டா. போன நோண்டிகினு இருப்பா. அப்பால, காத்து வரணும். செத்தாலும் எனக்கு புழுக்கம் ஆவாது. அப்பால, சத்தமா அழுதா எவனும் வந்து மெதுவான்னு சொல்லக்கூடாது. மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

"வாஸ்து?"

"ஒத வாங்குவ."

இரண்டாம் நாள் ஆவடி வரை பஸ், அங்கிருந்து ரயில். பட்டாபிராம் போகுமா என்று கேட்டேன், போகும் என்றார்கள். போனது. பட்டாபிராமில் நிற்கும்போது நான் ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டேன். விழித்தால் ரயில் ஒரு கிளைப் பாதையில் திரும்பிப்போய், தண்டவாளமே முடிந்துவிட்ட ஒரு ஸ்டேஷனில் நின்றிருந்தது. மிலிட்டரி சைடிங் என்றார்கள். அதற்கு மேல் ரயில் போக வழி இல்லை, நான் போகவும் வழி தெரியவில்லை. சுற்றிலும் மதில், முள்கம்பி, வரிசையாகக் குவார்ட்டர்ஸ். எங்கள் பக்கம் சுவர் இருந்தால் அதில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள். இங்கே சுவர் சும்மா சுவராகவே நிற்கிறது. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் நிறுத்தினார். பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவர், பேச்சு திருநெல்வேலி.

"யாரவே தேடுத? இங்கன நின்னு சொவத்தப் பாத்துக்கிட்டிருந்தா சரியா இருக்காதுல்லா."

"கல்லறைக்கு போவணும் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கல்லறை?"

"புச்சா ஒரு சின்ன கோயில் கட்டிகீறாங்களே."

"அடடா, அதுவா. ரொம்ப நாளா அத செங்கச் சூளைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். சன்னலக் காணோம், பூச்சக் காணோம். ஏறுங்க, அந்த வழியாத்தான் போறேன்."

ஏறினேன். என்னைச் சந்தேகப்பட்டவர்களிலேயே லிப்ட் கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான்.

கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் வாட்ச்மேன். பெயர் துரை. கையில் துடைப்பம்.

"இன்னா அண்ணாத்தே, இன்னா வேணும்?"

"எடம் பாக்க வந்தேன்."

"பாடி எங்க?"

"கட்டில்ல ஒக்காந்து டீ குடிச்சுகினு கீது."

துரை துடைப்பத்தை இன்னொரு கைக்கு மாற்றினார். "நைனா, இப்படித்தான் ஒர்த்தன் எடம் பாக்க வந்தேன்னு உள்ள போனான். பித்தள கொழாய கழட்டிகினு பூட்டான். நீ முன்னாடி நட, நான் பின்னாடி வரேன்."

அப்படித்தான் நான் அந்தச் சிற்றாலயத்துக்குள் முதல்முறை போனேன், கைதி மாதிரி.

முதலில் வெளியே. வட்டமான செங்கல் கட்டடம், பெரிய கிணற்றை யாரோ பூமியிலிருந்து வெளியே இழுத்து வைத்த மாதிரி. சுவருக்குப் பூச்சே இல்லை. ஏன் என்று கேட்டேன். அதுதான் டிசைன் என்றார் துரை. வேலை பாதியில் நின்றுபோன கட்டடத்துக்கெல்லாம் இப்போது அந்தப் பெயர்தான் வைக்கிறார்கள்போல.

மேலே கான்கிரீட் கூரை. அது சுவரைத் தொடவில்லை. சோறு பொங்கும்போது மூடியைக் கொஞ்சம் தூக்கி வைப்போமே, அந்த மாதிரி மெல்லிய இரும்புத் தூண்களின்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி. கூரைக்கு வாங்கிய சிமென்ட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடனே தோன்றியது. ஆனால் காற்று வந்தது. அக்கா கேட்ட ஒரு விஷயம் ஆச்சு.

வாசல் மட்டும் எனக்குப் பிடித்தது. கதவே இல்லாமல் அகலமாக இருந்தது. நிலைப்படி இல்லை. பெட்டி தூக்குகிறவன் கால் தடுக்காது. இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

உள்ளே போனால் குழப்பம் ஆரம்பமானது. தரை நடுவில் இரண்டு படி கீழே இறங்கியது. நடுக்குழியில் ஒரு கறுப்புக் கல் மேடை, அதுவும் என் முட்டிவரைதான் வந்தது. பெட்டியை அதில் வைக்க வேண்டுமானால் நாலு பேரும் குனிந்து இடுப்பு ஒடிய வேண்டும். சுவரில் ஜன்னல்கள் இருந்தன, இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் முட்டி உயரத்தில், சுவரின் அடியில் நீளவாக்கில். நாய் எட்டிப் பார்க்கத்தான் வசதி. சிலுவை எங்கே என்று அண்ணாந்து தேடினேன். அது கீழே, ஒரு மாடத்தில், என் தொடை உயரத்தில் இருந்தது. குனிந்துதான் கும்பிட்டேன். தண்ணீர்க் குழாயும் தரைக்குப் பக்கத்தில். ஐஸ் பெட்டிக்கு பிளக் பாயிண்ட் கூடக் கீழேதான். பெஞ்ச் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மேஸ்திரி பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கட்டியிருக்கிறார். மேலே இருக்க வேண்டியதெல்லாம் கீழே வந்துவிட்டது. நான் படிக்காதவன், பஸ் போர்டைத் தப்பாகப் படித்துக் காலேஜில் இறங்கினவன். ஒரு படிக்காதவன் செய்த தப்பு இன்னொரு படிக்காதவனுக்குத் தெரியாதா?

"இத கட்னது யாரு?"

"யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் பொண்ணு. கட்டி முடிச்சதும் வந்துச்சு, உள்ள கீழ ஒக்காந்துச்சு, நல்லா கீதுன்னு சொல்லிட்டு பூட்ச்சு."

"அவுங்களுக்கும் நிக்க சங்கடமா இருந்துக்கும்போல."

மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்குமே என்று என் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீர் கல்மேடையைச் சுற்றி ஓடி, ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வெளியே துளசிச் செடிக்குப் போனது. இப்போதுதான் துடைத்தேன் என்று துரை திட்டினார். சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு கை தட்டினேன். அது சுவரோடு வட்டமாக ஓடி வந்து என் முதுகில் தட்டியது. திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"சாமி எடத்துல இன்னாபா கை தட்டிகினு கீற?"

"யாரு வேணா வெக்கலாமா இங்க? காசு எவ்ளோ?"

"நம்ம கல்லறைல பொதைக்கறவங்களுக்குத்தான் கட்னது. ஆனா ஃபாதர் இதுவரிக்கும் யாரையும் திருப்பி அனுப்பல. காசு வாங்கறதில்ல."

காசு வாங்குவதில்லை என்றதும் எனக்கு முதுகில் மறுபடியும் யாரோ தட்டினார்கள். சும்மா கொடுக்கிறவனை நம்பி நான் ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை.

திரும்பும்போது பூந்தமல்லியில் இறங்கிக் குஸ்கா வாங்கினேன். அடியில் ஒரு கறித்துண்டு கிடந்தது. கடைக்காரர் கவனிக்காமல் போட்டுவிட்டாரா, நாளைக்கு என்னிடம் எதையாவது எதிர்பார்த்துப் போட்டாரா என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

காட்டுப்பாக்கத்தில் படிக்கட்டருகே கோகிலாம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ எங்க போய்ட்டு வர்றன்னு எனக்கு தெரியும். ஒங்கக்கா சொல்லிச்சு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எடம் எப்படிபா கீது?"

"ஏன்மா கேக்கறீங்க?"

"இந்த ஊட்ட வித்துட்டு முகப்பேர்ல அவன் பிளாட்டுக்கு வந்துடுன்னு எம்புள்ள சொல்றான். எங்க ஊட்டுக்காரருக்கும் அதான் ஆச. நாலாவது மாடி. லிப்ட்ல மூணு பேரு நின்னா நாலாவது ஆளு மூச்ச புடிச்சுக்கணும். போன மழக்கு அங்க ஒரு பெரியவரு பூட்டாரு. அசோசியேஷன்ல கீழ கார் பார்க்கிங்லயே வெச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு காருக்கு நடுவுல." என் பக்கம் நெருங்கி வந்தார். "இந்துவ உடுவாங்களா அங்க?"

யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்று துரை சொன்னதைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று ரூல் போட்டவரின் பெண்டாட்டி. அவர் ரூலே அவருக்கு எதிராக நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மூன்றாம் நாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி. மிஷின் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் சொன்னேன். தலைகீழ்க் கட்டடம், நாய் ஜன்னல், தொடை உயரச் சிலுவை. பக்கத்துப் படுக்கைக்காரர்கூட மிஷினோடு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"சுத்தி ஒக்கார எடம் கீதா, அத சொல்லு."

"தெரியலக்கா. பெஞ்ச் இல்ல. குழி தான் கீது."

"நீ நின்னுகினே பாத்தியா?"

"பின்ன, படுத்துகினா பாப்பாங்க?"

"நாளைக்கு என்ன இட்டுகினு போ. நானே பாக்கறேன்."

மாமா வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன், நர்ஸ் கூட வேண்டாம் என்றார். நாங்கள் மூன்று பேர், அவள் ஒருத்தி. அவள்தான் ஜெயித்தாள்.

நாலாம் நாள் ஆட்டோ வாசலில் நின்றபோது கோகிலாம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு தயாராக நின்றார். "சும்மா, காத்தாட வரேன்" என்று ஏறி, அக்கா சாய்ந்துகொள்ளத் தோள் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். நான் டிரைவர் பக்கத்தில் அரைச் சீட்டில். வழியெல்லாம் டிரைவர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நோயாளி, ஒரு ஹவுஸ் ஓனர், ஒரு துண்டுக்காரன், போகிற இடம் கல்லறை. "திரும்பி எத்தினி பேரு வருவீங்க?" என்று கேட்டார். அக்காதான் பதில் சொன்னாள். "இன்னிக்கு மூணு பேரும்பா."

நாங்கள் போய்ச் சேரும்போது கேட்டில் ஒரு வேன் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தது. உள்ளே பெட்டியில் வயதான ஒரு அம்மா. மகன்கள் இரண்டு பேர், கூட ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் வேலையிலிருந்து பாதியில் வந்த சட்டையோடு. பாதிப் பேர் இன்னும் வண்டி நிறுத்தப் போயிருந்தார்கள், பெட்டி தூக்க ஒரு ஆள் குறைந்தது.

"அண்ணாத்தே, ஒரு கை குடு" என்றான் பெரிய மகன்.

கொடுத்தேன். அந்த அகல வாசலில் தடுக்காமல் உள்ளே போனோம். முட்டி உயரக் கல்லில் வைக்கக் குனிந்தோம். இடுப்பு ஒடியவில்லை. தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து கல்லுக்கு என்று, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் விடுகிற மாதிரி மெதுவாக இறங்கியது பெட்டி. மூடியைத் திறந்தார்கள். பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் சுவர் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். சின்ன மகன் அம்மா முகத்தைப் பார்க்காமல் கூரை இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கோகிலாம்மாவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பொம்பளைங்க யாரும் வரலியாப்பா?"

"பொண்ணு கெடயாதும்மா, நாங்க ரெண்டு பேருதான். மருமவளுங்க ஊர்லேந்து வந்துகினு கீறாங்க" என்றான் பெரியவன். நேரத்துக்கு வந்து சேரமாட்டார்கள் என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அக்கா இரண்டு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கல்லுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு, கையை அந்த அம்மாவின் காலில் வைத்தாள். கல் சரியாக அவள் மார்பளவு வந்தது. நெற்றியைச் சாய்க்கச் சொல்லி அளவெடுத்த மாதிரி. பிறகு ஆரம்பித்தாள்.

"தோள் குடுக்க ரெண்டு புள்ள தூக்கிகினு வந்தாங்களே,
தோள் மேல சாஞ்சழ ஒரு பொண்ணு பெக்கலியே,
பொண்ணு பெக்காத தாயே, நான் பொண்ணா வந்தேன்மா…"

மூச்சு வாங்கும் குரல்தான், பெரிய குரல் இல்லை. ஆனால் அந்தச் சுவர் அதை வாங்கி வட்டமாகச் சுற்றவிட்டது. நாலு பேர் அழுகிற மாதிரி கேட்டது. கோகிலாம்மா முதலில் நின்றுகொண்டுதான் இருந்தார். நமக்கென்ன என்ற முகம். இரண்டாவது அடிக்கு முந்தானையை இடுப்பில் செருகினார், மூன்றாவதுக்கு இறங்கிப்போய் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். சாவே உள்ளே வரக் கூடாது என்ற வீட்டின் ஓனரம்மா, குடித்தனக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஒருத்திக்காக அழுதார். அவருக்கு அது நன்றாகவே வந்தது. எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாரோ.

நான் வாயைப் பிளந்துகொண்டு நடுவில் நின்றிருந்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அக்கா தலையைத் திருப்பி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஒக்காருடா. வெளிச்சத்த மறைக்கற."

சொல்லிவிட்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கட்டடம் நிமிர்ந்துகொண்டது. நாய் ஜன்னல் என் கண்ணுக்கு நேராக வந்தது. அது வழியாக வெளியே புல்லும், பழைய சிலுவைகளும், ஒரு கோழியும் தெரிந்தன. தொடை உயரச் சிலுவை என் முகத்துக்கு நேராக, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. எட்டினால் குழாய் கைக்கு வந்தது. படியில் முதுகைச் சாய்க்கலாம். கல்லில் கிடந்தவரின் முகம், நோயாளியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் இருந்தது. மேஸ்திரி பிளானைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். நான்தான் தலைகீழாக நின்றிருக்கிறேன். சாவு வீட்டில் தரையில் உட்காருகிறவர்களுக்காகக் கட்டியதை நான் தரகன் மாதிரி நின்றுகொண்டு பார்த்தேன்.

ஆண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நிற்பதற்கு வெட்கமாகிவிட்டது அவர்களுக்கு. சின்ன மகன் கடைசியாக உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அம்மா முகம் நேருக்கு நேர் வந்துவிட்டது. கல்லில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதான். யாரும் மெதுவாக என்று சொல்லவில்லை. துரை வாசலில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றார்.

ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி முடித்து, பெட்டியை மூட வேண்டிய நேரம். பெரியவன் அக்காவிடம் வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் பார்வையில் சந்தேகம்.

"யாரும்மா நீங்க? எங்கம்மாக்கு இன்னா ஒறவு? எங்களுக்கு தெரியாம எதாவது…"

"ஒறவு ஒண்ணும் இல்லபா" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் எனக்கு எடம் பாக்க வந்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவள் கையில் டயாலிசிஸ் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்திரியைப் பார்த்தான். வீங்கிய காலைப் பார்த்தான். அவன் அம்மாவையும் அப்படித்தான் பார்த்திருப்பான்போல. எப்போது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டான்.

"எங்கம்மாக்கு நீங்க வந்துட்டீங்க" என்றான். "ஒங்களுக்கு எங்க ஊட்டு பொம்பளைங்க எல்லாத்தையும் இட்டுகினு வருவேன். சொல்லி அனுப்புங்க." என்னிடம் போன் நம்பர் சொன்னான். பெட்டியைத் தூக்கப் போய்விட்டான்.

அக்காவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினோம். கோகிலாம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாடையில் டிரைவரிடம் தண்ணீர் கேட்டார்.

"எடம் எப்படிக்கா?" என்றேன்.

"நல்லா கீது. சத்தம் சுத்துது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவன் வருவானாடா? துக்கத்துல சொல்றவன் மறந்துடுவான்."

எனக்கும் அதே சந்தேகம்தான். சாவு வேளையில் சொன்ன நம்பர் சரியான நம்பராக இருக்குமா? ஒரு எண் மாறினால் போச்சு. அக்காவுக்கு யார் வந்து உட்காருவார்கள்? போனை எடுத்து அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் விட்டேன்.

தூரத்தில், குழி ஓரத்தில், அவன் சட்டைப் பையில் மணி அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையில் மண்ணை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்துப் பார்த்தான். புது நம்பர். சிலுவைகளுக்கு மேலாக நிமிர்ந்து, எங்கள் ஆட்டோவைப் பார்த்தான். மண் இருந்த கையை அப்படியே உயர்த்திக் காட்டினான்.

என் போன் இன்னும் காதிலேயே இருந்தது. அக்கா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதான் பாத்துட்டல்ல? அவன அழ உடுடா."